ஒண்ணு நின்னா மத்த ரெண்டும் ஓடுமா?

ஆரணி
3.3.2025

அன்புள்ள பவுனு அக்காவுக்கு, தம்பி வசந்தகுமார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் காவ்யாவும் நன்றாக இருக்கிறோம். காவ்யாவுக்கு இது மூன்றாவது மாதம். காப்பி வாசம் பட்டாலே வாந்தி எடுக்கிறாள், மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மகள் சோனியாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமா நலமா?

நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தபால் நிலையத்தில் உறை கேட்டபோது, வேலைக்கு விண்ணப்பமா என்று கேட்டார்கள். வேறு வழி தெரியவில்லை அக்கா. ஒரு மாதமாக உன் நம்பருக்கு அடித்தால் யாரோ மராட்டியில் பேசுகிறார்கள். சோனியாவைக் கேட்டேன். நீ போனைப் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டதாகவும், தன் போனில் கூப்பிட்டாலும் நீ பேச மாட்டேன் என்று சொல்வதாகவும் சொன்னாள். விலாசமும் அவள் கொடுத்ததுதான்.

அந்த வீடியோதான் காரணமா?

பொங்கலுக்கு வந்தபோது உன் சமையலறையில் எடுத்தேனே, அது. நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். 'ஒரு நிமிஷ ஆச்சரியம்' என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தினம் ஒரு விநோதத் தகவலை யாரிடமாவது சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் படம் பிடித்துப் போடுகிறேன். வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி அப்படி இல்லை என்று காவ்யாவின் அப்பாவிடம் சொன்னபோது, "அதுக்கு நான் இன்னா பண்ணணும்?" என்றார். முன்னூறு பேர் பார்த்தார்கள். உன்னிடம், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றேன். நீ கரண்டியும் கையுமாக நின்று, கண்ணை அகல விரித்து, "ஒண்ணு நின்னா மத்த ரெண்டும் ஓடுமாடா?" என்று கேட்டாய். பன்னிரண்டு நொடி, அவ்வளவுதான்.

அந்த வாரம் மூன்று பெரிய படங்கள் ஒரே நாளில் வெளியாகி, அதில் ஒன்று முதல் காட்சியிலேயே படுத்துக்கொண்டது. அந்த நடிகரைப் பிடிக்காத ரசிகர்கள் உன் கேள்வியை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் என் கையில் எதுவும் இல்லை. ஆட்டோவில் ஒரு சக்கரம் பஞ்சரானால் உன் முகம். பரீட்சையில் ஒரு பாடம் போனால் உன் முகம். யாரோ உன் குரலுக்குப் பறையடி சேர்த்திருக்கிறார்கள். நேற்றுவரை நாற்பது லட்சம் பேர். எல்லாரும் பிரியமாகத்தான் சிரிக்கிறார்கள் அக்கா.

ஆஸ்திரேலியாவில் வோம்பாட் என்று ஒரு பிராணி கட்டம் கட்டமாக, லட்டு மாதிரி இல்லாமல் மைசூர்பாகு மாதிரி, சாணி போடுமாம். படித்ததும் உனக்குச் சொல்லத்தான் கை போனைத் தேடியது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வசந்து


கட்கி, புனே
19.3.2025

தம்பி வசந்துக்கு ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. காவ்யாவைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே ஒரு கைப்பிடி பொரி மெல்லச் சொல். பிரட்டல் கொஞ்சம் அடங்கும். அவளைத் துணி துவைக்க விடாதே.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். வெயில் வந்துவிட்டது. சோனியா மகர்பட்டாவுக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். பால்வாடியில் புதிதாகப் பதினோரு குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்கள். உப்புமா கிண்டி, பாத்திரம் கழுவி, நான் வீட்டுக்கு வர மூன்று மணி ஆகிவிடுகிறது. மாமா பேக்டரிக்குப் போய் வருகிறார்.

போன் இல்லாததில் ஒரு குறையும் இல்லை.

சாணியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

பவுனு


ஆரணி
8.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பொரி வைத்தியம் பலித்தது. காவ்யா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். மாமாவுக்கு உடம்பு எப்படி?

உன் கடிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எண்ணிப் பதினைந்து வரி. கோபம் இருந்தால் நேராகத் திட்டிவிடு. நீ திட்டினால் எனக்குப் பழக்கம்தான். பேசாமல் இருந்தால்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

உன்னைப் பற்றி அங்கே என்னவெல்லாம் நடக்கிறது என்று உனக்கே தெரியாது. மதுரையில் ஒருவர் தன் பெண்ணின் பிறந்தநாள் கேக்கில் உன் முகத்தை வரைந்திருக்கிறார். நீ நிஜமாகக் கேட்டாயா, நடித்தாயா என்று இருநூறு பேர் மூன்று நாள் சண்டை போட்டார்கள். தமிழே தெரியாத ஒரு கொல்கத்தாப் பெண், பசிக்கும்போதெல்லாம் உன் படத்தை அனுப்புகிறாள். அது பசித்தவர் முகம் என்று அவளாக முடிவு செய்துவிட்டாள். பனியனில் அச்சடிக்கலாமா என்று திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு.

மனிதன் ஏன் சிரிக்கிறான் என்று இந்த ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எலிக்குக் கூச்சம் காட்டினால் அதுவும் சிரிக்குமாம். நம் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலில் சிரிப்பதால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்தவர் சிரித்தால் நமக்கும் வாய் தானாகப் போகுமாம், என்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும். நாற்பது லட்சம் பேர் சிரித்ததில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. நீலத் திமிங்கிலம் ஆழத்துக்கு முங்கும்போது அதன் இதயம் நிமிஷத்துக்கு இரண்டே தடவைதான் துடிக்குமாம், அவ்வளவு மெதுவாக. மாமாவிடம் சொல்லு, ரசிப்பார்.

நான் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். செய்திருந்தால் சொல்லு.

வசந்து


கட்கி, புனே
15.6.2025

வசந்துக்கு,

இரண்டு மாதம் பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. காவ்யாவுக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கும். நடக்கச் சொல். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

மாமாவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். இப்போது எழுதுகிறேன்.

போன நவம்பரில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, அவரை ஊசி போட உள்ளே அனுப்பிவிட்டு டாக்டரம்மா என்னிடம் சொன்னார். இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது. மாத்திரையில் கொஞ்ச நாள் ஓட்டலாம். நெஞ்சில் ஒரு கருவி வைத்தால் நல்லது, வைக்காவிட்டால் எந்த நிமிஷமும் நின்று போகலாம். நான் அந்தம்மாவின் கையைப் பிடித்து, அவரிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மாமாவின் அண்ணன் பக்தவத்சலத்தை உனக்குத் தெரியும். உடம்பில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சோற்றை விட்டவர், நாற்பது நாளில் போய்விட்டார். கட்டி கொன்றதா, பயம் கொன்றதா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதனால் மாமாவிடம் பிரஷர் மாத்திரை என்று சொல்லித்தான் கொடுத்தேன். சோனியாவுக்கும் சொல்லவில்லை. கருவி வைக்க அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

உன் வீடியோ வந்தபோது அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதனால் பார்க்கவில்லை. பால்வாடிக்குக் குழந்தையை விட வருகிற நம் தமிழ்ப் பெண்கள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என் போனுக்கே என் முகத்தை அனுப்புவார்கள். அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் போனைக் கொடுத்தேன். கோபத்தில் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டாய்.

மே மாதம் அவர் பிறந்தநாளுக்கு சோனியா நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டாள். பேக்டரியில் வேலை செய்கிற நம்மவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் நின்றுபோனதற்கு இன்னொருவர் என் முகத்தை அனுப்பியிருக்கிறார். அது அருணாச்சலம் வீட்டம்மா என்று அனுப்பியவருக்கே தெரியாது.

நான் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளி அறையில் என் குரல் கேட்டது. மறுபடி கேட்டது. நாலு தடவை கேட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்ளோ நாளா தெரியும் உனுக்கு?" என்றார்.

இன்னாது என்று கேட்டேன்.

"என் நெஞ்சுல இன்னா கோளாறுன்னு."

இல்லாததைச் சொல்லாதே என்றேன். கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் போனை என் முன்னால் நீட்டினார்.

"இருவத்தொம்போது வருஷமா இந்த மூஞ்சிய பாக்கறேன் பவுனு. மீனு கதை கேட்டு பயந்த மூஞ்சியா இது?"

வசந்து, நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள் என்று எழுதினாய். அவர் ஒருவர்தான் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார். யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். ஏழு மாசம் ஒருத்தியாவா வெச்சிகினு இருந்தே என்றார். பிறகு மீதிக் கீரையை அவரே ஆய்ந்து முடித்தார். சாப்பிட்டார். அண்ணன் மாதிரி சோற்றை விடவில்லை.

இவ்வளவுதான் விஷயம்.

பவுனு


ஆரணி
24.6.2025

அக்கா,

உன் கடிதத்தை என் கடையில் நின்றபடியே படித்தேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து காவ்யாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

எனக்குத் தெரியாது அக்கா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீடியோவைப் போட்டிருப்பேனா? எனக்குக்கூடச் சொல்லாமல் நீ மட்டும் சுமந்துகொண்டிருந்தாயே.

என் இணையப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டேன். மற்றவர்களிடம் இருப்பதை எடுக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் எடுக்கிறார்கள். சிலர் அதற்கும் உன் முகத்தையே பதிலாக அனுப்புகிறார்கள்.

உன் பதில் வந்ததும் ரயிலில் கிளம்பி வருகிறேன். மாமாவின் காலில் விழ வேண்டும்.

வசந்து


கட்கி, புனே
9.7.2025

வசந்துக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போது வராதே. காவ்யாவைத் தனியாக விட வேண்டாம். நானாகச் சொல்கிறேன், அப்போது வா.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று எழுதியிருக்கிறாய். சரி.

மாமா ஒரே வாரத்தில் ஆளே மாறிவிட்டார். பழைய சோதனைத் தாள்களை எல்லாம் எடுத்துவரச் சொல்லி, சோனியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னார். அவள் அழுதுகொண்டே படித்தாள். அவர் நடுநடுவே அர்த்தம் கேட்டார். அடுத்த நாள் தானே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, இனிமே என் ஒடம்ப பத்தி என்கிட்ட பேசுங்க என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தார். கருவி வைக்க ஒத்துக்கொண்டார். செப்டம்பரில், கணபதி கரைத்து முடிந்ததும். அதற்குள் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமாம்.

பயம் இல்லாமல் இல்லை. படுத்தால் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்கிறார். ஓடுதா பார் என்கிறார். ஓடுது என்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அரே, ஆறு மாசமா ஊரே சிரிச்சிகினு கீது. ஒருத்தனாவது பதில் சொன்னானா? உன் தம்பிய கேளு. அந்த ஜந்துக்கு ஒண்ணு நின்னா மத்த ரெண்டும் ஓடுமா, ஓடாதா?"

தெரிந்தால் எழுது.

பவுனு


ஆரணி
30.7.2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். இங்கே காவ்யா நன்றாக இருக்கிறாள்.

மாமாவின் கேள்விக்குப் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். வேலூர்க் கல்லூரியில் விலங்கியல் எடுக்கும் பேராசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆக்டோபஸின் மூன்று இதயங்களில் இரண்டு, செவுளுக்கு ரத்தம் அனுப்புகின்றன. மூன்றாவதுதான் மற்ற உடம்பு முழுவதற்கும். வேகமாக நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுமாம். அதனால் சீக்கிரமே களைத்துப்போகும். முடிந்தவரை நீந்தாமல் தரையில் ஊர்ந்துதான் போகப் பார்க்கும். நிறுத்தினால் மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆனால் ஒன்று அடியோடு நின்றுவிட்டால் மற்ற இரண்டும் அதன் வேலையைச் செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. ஓடாது மாமா. இதுதான் பதில்.

இனி எழுதுவது அக்காவுக்கு மட்டும்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று போன கடிதத்தில் எழுதினேன். நீ 'சரி' என்று பதில் எழுதினாய். அந்த ஒரு சொல்லை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னாய் அக்கா. சொல்ல வந்தாய். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, "வசந்து, மாமாவுக்கு டாக்டரு" என்று ஆரம்பித்தாய். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு அக்கா, வெளிச்சம் போவுது, இன்னும் ரெண்டு கேள்வி முடிச்சிட்டு பேசலாம்" என்றேன். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னாய். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ஏதோ உடம்புச் செய்தி, கேட்டால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், அடுத்த நாள் காலையில் எனக்கு ரயில்.

ஊருக்கு வந்து வெட்டி ஒட்டும்போது உன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்தினால்தான் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரிந்தது. சரியாக அங்கே வெட்டினேன். "டாக்டரு" என்ற சொல் குப்பைக்குப் போனது.

வீடியோ பரவிய இரண்டாவது நாள் ஒருவர் கீழே எழுதியிருந்தார். இந்த அம்மா அழுகிறார்கள், யாராவது என்னவென்று கேளுங்கள் என்று. பத்துப் பேர் அவரைக் கிண்டல் செய்தார்கள். நான் அவர் எழுதியதை அழித்தேன்.

அதன் பிறகு உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் மாமா நலமா என்று கேட்டேன். வழக்கத்துக்குக் கேட்பது போலக் கேட்டேன். நலம் என்று நீ ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், நான் தப்பித்துவிடுவேன் என்று இருந்தேன். நீ அந்தச் சொல்லை எழுதவே இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

வசந்து


ஆரணி
14.9.2025

அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம்.

ஜூலையில் எழுதிய கடிதம் கிடைத்ததா என்று கேட்க மாட்டேன். கிடைத்திருக்கும். மாமாவுக்குப் பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று சோனியா சொன்னாள். நீ வரச் சொல்லாமல் வரக் கூடாது என்று இருக்கிறேன். என் பக்கத்தை நிறுத்திவிட்டேன். அதில் போட ஒன்றும் தோன்றவில்லை.

குழந்தை உன் ஜாடை என்று காவ்யா சொல்கிறாள்.

வசந்து


கட்கி, புனே
5.10.2025

தம்பி வசந்துக்கும் காவ்யாவுக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம்.

பெண் பிறந்த சேதி கேட்டு மாமா பெரிய பேடா டப்பா வாங்கிவரச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பிளாக் முழுக்கக் கொடுத்தார். காவ்யாவைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே.

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். சோனியா மருந்து வாங்க அலைந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வேறு இடம் போகலாம் என்று பையை எடுத்தேன்.

"ஆன்டி, ராங்கா நெனச்சுக்காதீங்கோ. நீங்க அந்த மூணு ஹார்ட் ஆன்டி தானே?" என்றாள்.

இத்தனை மாதத்தில் யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ ஆமாம் என்றேன்.

அவள் பெயர் வைஷு. வாகட்டில் வீடு. பிறந்து வளர்ந்தது எல்லாம் புனே, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. அப்பா கிருஷ்ணஸ்வாமி பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஏழு மணிக்கே இதய ஆபரேஷனுக்கு உள்ளே போயிருந்தார். அம்மா இல்லை. அண்ணன் மும்பையிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவள் போனை எடுத்துக் காட்டினாள். ஆறே முக்காலுக்கு, உள்ளே போகும் முன் அப்பா அனுப்பியது. என் முகம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இங்கேயும் சிரிப்பா என்று நினைத்தேன். அவளிடமும் கேட்டுவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இல்ல ஆன்டி. எல்லாரும் ஜோக்குக்கு அனுப்புவா. அப்பா பயமா இருந்தா அனுப்புவார். பயமா இருக்குன்னு அவருக்குச் சொல்ல வராது. இந்தம்மா ஜோக் அடிக்கலடி, நிஜமா கேக்கறான்னு சொல்வார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பரிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல். முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

ஒரு மணிக்கு மாமாவை வெளியே கொண்டுவந்தார்கள். நல்லபடியாக முடிந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சோனியாவை அவரோடு அனுப்பிவிட்டு நான் அந்தப் பெண்ணோடு இருந்தேன். மூன்று மணிக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். மறுபடி போட்டுக்கொண்டாள். அப்பா போயிட்டார் ஆன்டி என்றாள். அண்ணன் அனிருத் வந்து சேரும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. கிளம்பும்போது அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை.

எல்லாரையும் எடுக்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னாய். இனி யாரையும் கேட்காதே. அது உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. யார் எதற்கு வைத்திருக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்.

உன் ஜூலைக் கடிதம். அதை மாமாவிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், யாரோ ஒருவர் என்னவென்று கேட்கச் சொன்னதும் நீ அதை அழித்ததும். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சமையலறையில் நானும் இருந்தேனே. நீயாகச் சொல்கிறாயா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்துக்குக் கடிதம் திமிங்கிலம், எலி என்று எழுதிக்கொண்டே போனாய். சொல்ல மாட்டாய் என்று முடிவு செய்துவிட்டேன். சொன்னாய். தாமதமாகத்தான், ஆனாலும் சொன்னாய்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. போகும்போது போகட்டும்.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. இதயம் இப்போது நூற்றுக்கு முப்பது பங்கு வேலை செய்கிறதாம், இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. பேக்டரி வேலை இனி இல்லை. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆக்டோபஸ் பதிலைப் படித்துக் காட்டியபோது, பாவம், அது ஊர்ந்தே போவட்டும் என்றார்.

தீபாவளிக்கு நீ மட்டும் வா. பச்சைக் குழந்தையை அவ்வளவு தூரம் தூக்கிவர வேண்டாம். நாலு நாள் இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. அவரோடு உட்கார். அவருக்கு உன்னோடு பேச நிறைய இருக்கிறது. இப்போது மெதுவாகத்தான் பேசுகிறார், பாதியில் மூச்சுக்காக நின்றுவிடுகிறார். முடித்துவிட்டார் என்று நினைத்து நீ எழுந்துவிடாதே.

பவுனு